இரண்டாம் முறை கேட்டவள்

செவ்வாய்க்கிழமை காலை ரோஸ்லினின் தம்பி அம்பத்தூரிலிருந்து சைக்கிளில் வந்தான். வாசலில் நின்றபடியே, "அக்கா போயிட்டாங்க" என்றான். ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

அவளை அறிந்த உங்களுக்கு அவள் பிடிவாதம் தெரியும். அதனால் அதிகம் அவதிப்பட்டவள் நான்தான்.

ஆறேழு வருஷம் முன்பு, மனநலத்தை அளக்கும் பத்துக் கேள்விகளோடு அம்பத்தூர், பாடி பகுதித் தொழிலாளர் வீடுகளில் இருவரும் ஏறி இறங்கினோம். தூக்கம் வருகிறதா, மனசு நிம்மதியாக இருக்கிறதா என்கிற மாதிரிக் கேள்விகள். பதினைந்து நாள் கழித்து அதே ஆட்களிடம் அவற்றையே கேட்க வேண்டும். பதில்கள் ஓரளவு ஒத்துப்போனால் கேள்விகளை நம்பலாம். வேலை குறித்த காலத்தில் முடிந்தால் எங்களை நிரந்தரமாக்குவதாக, ஆய்வை நடத்திய பேராசிரியர் சொல்லியிருந்தார்.

பதில்கள் அச்சு அசலாக ஒத்துப்போயின. நான் பூரித்துப்போனேன். ரோஸ்லின் மட்டும், "மனுஷங்க இவ்வளவு ஒழுங்கா இருக்க மாட்டாங்க பத்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

பாடியில் கடைசி வீடு. லேத் ஓட்டும் முனுசாமி பதில் சொல்லத் தடுமாறியதும், அவர் மனைவி காலண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு துண்டுச்சீட்டை உருவினாள்.

"போன தபா சொன்னத எய்தி வெச்சிகீறேம்மா. கம்பெனி குட்த்த லிஸ்ட்டப் பாத்துத்தானே வர்றீங்க? மாத்திச் சொன்னா வேலைக்கு இன்னா ஆவுமோ. இங்க எல்லா ஊட்லயும் இப்டித்தான்."

ரோஸ்லின் தன் கேள்வித்தாளை மடித்து வைத்தாள். "சீட்டு இருக்கட்டும். நெசமா தூங்குறீங்களா அண்ணே?"

"எங்கம்மா தூக்கம்? கண்ண மூடினா மிஷின் சத்தந்தான் கேக்குது. அத எய்திக்காதே."

இதை அப்படியே விட்டுவிடலாம் என்று பஸ் நிறுத்தத்தில் கெஞ்சினேன். மறுநாள் அவள் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். எந்த வீடு என்பதை மட்டும் சொல்லவில்லை. இரண்டு மாத உழைப்பு குப்பைக்குப் போனது. கம்பெனிப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, பெயர் கேட்காமல், முதலிலிருந்து நடந்தோம். காலம் தாண்டிப்போனதால் வேலை நிரந்தரமாகவில்லை. அந்த நடை முழுக்க நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள்தான் பேசினாள்: "முதல் தடவை கேக்குறது மரியாதைக்கு. ரெண்டாவது தடவை கேட்டாத்தான் அது கேள்வி."

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு பேச்சுதான். யாரைப் பார்த்தாலும் இரண்டு முறை நலம் விசாரிக்கிறேன். வீட்டில் கேலி செய்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலருகே நின்று, "எப்படி இருக்கே?" என்றேன். "நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். எனக்குக் களைப்பு, பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. சரி என்று கிளம்பிவிட்டேன்.

அவளிடம் மட்டும் ஒரு தடவைதான் கேட்டேன்.