பதிமூன்றாவது வரிசை

செலின் அக்கா இறந்த செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் வைத்திக்குப்பம் கஸ்தூரி. மீன்கூடை இல்லாமல் அவரை ரெட்டியார்பாளையத்தில் பார்த்தது அதுதான் முதல் முறை. வாசலில் நின்றபடியே, "செலினம்மா பூட்டாங்க. காலையில காப்பி குடிச்சிட்டு ஒக்காந்தவங்கதானாம். ஒனக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்க மாட்டாங்கன்னு வந்தேன்" என்றார். இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம்.

செலின் அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குழந்தைகளின் எடையைக் கண்காணித்த ஒரு சிறிய பிரிவில், எழுபதுகளின் நடுவிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே அறையில் வேலை பார்த்தோம். மீனவக் குப்பங்களுக்குப் போய் எடை போடுவது என் வேலை. கணக்கு அவருடையது. கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு, எண்களைப் பிரெஞ்சில் முணுமுணுப்பார். சண்டை மட்டும் தமிழில் போடுவார். மதியம் நீட்டு ரொட்டியை மீன்குழம்பில் தோய்த்துச் சாப்பிடும்போது யாராவது கணக்குக் கேட்டால், "வாய் வேலையா இருக்கு, அப்பறம் வா" என்பார்.

தூளித்துணியோடுதான் குழந்தையைத் தராசில் தொங்கவிடுவோம். பிறகு துணியின் எடையை ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகக் கழிக்க வேண்டும். கைப்பிடி சுற்றும் கணக்கு மெஷினில் செலின் அக்கா அதை ஆண்டுக்கணக்கில் செய்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் அறைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. செலின் அக்கா துணியின் எடையை அதற்கு ஒரே முறை சொன்னார். அட்டவணை முழுதிலும் கழிந்து வந்தது. நான் நம்பாமல் பார்த்தேன்.

"பஸ்ல அஞ்சு பைசா ஏத்துனா, கண்டக்டர் ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் தனித்தனியா ஆர்டர் கேக்குறானா? ஒரே அஞ்சு பைசா, எல்லா ஸ்டேஜ் மேலயும் ஏறுதில்ல. அதான் இது" என்றார்.

ஒருமுறை, ஊருக்குப் போயிருந்த ஒரு குழந்தைக்கு எடை போடாமல் சைபர் என்று எழுதிவிட்டேன். துணியைக் கழித்ததும் அதன் எடை மைனஸில் வந்தது. செலின் அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஏய் சாந்தா, இந்தப் புள்ள தூளியோட பறந்து போவுதுடி." பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார்: "காலி வேற, சைபர் வேற. தெரியலன்னா காலியா விடு."

ஒரு மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரை, ஒவ்வொரு மாத வயதுக்கும் குறைந்தபட்ச எடை ஒன்று உண்டு. பன்னிரண்டு எண்கள் கொண்ட ஒரே வரிசை அது. ஒவ்வொரு குப்பத்துக்கும் ஓர் அட்டவணை: குறுக்கே மாதங்கள், கீழ்நோக்கிக் குழந்தைகள். செலின் அக்கா எழுதிய கம்ப்யூட்டர் நிரல் அந்தச் சின்ன வரிசையை அட்டவணை முழுதும் விரித்து, எடைகளை வரம்போடு ஒப்பிடும். குறைந்திருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சைபர். ஒன்று விழுந்த குழந்தையை டாக்டர் அழைத்துப் பார்ப்பார்.

வரிசையை எந்தப் பக்கமாக விரிப்பது என்பதை நிரல் நீளத்தை வைத்து முடிவு செய்தது. முதலில் குழந்தைகளின் எண்ணிக்கையோடு பொருத்திப் பார்க்கும். பொருந்தாவிட்டால் மாதங்களோடு பொருத்தும். ஒன்பது குழந்தைகள், பதினைந்து குழந்தைகள் இருந்த குப்பங்களில் எல்லாம் சரியாகவே வந்தது. வைத்திக்குப்பத்தில் அந்த ஆண்டு பதிவான குழந்தைகள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு எண்களும் மாதங்களுக்குப் போகாமல் குழந்தைகளோடே பொருந்திவிட்டன. மெஷின் நிற்கவில்லை, பிழை என்று எதுவும் சொல்லவில்லை. முதல் குழந்தையை எல்லா மாதமும் ஒரு மாதக் குழந்தையின் வரம்போடு ஒப்பிட்டது. பன்னிரண்டாவது குழந்தையை எல்லா மாதமும் ஒரு வயதுக் குழந்தையின் வரம்போடு ஒப்பிட்டது. இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

முன்பே தெரிந்திருக்க வேண்டும். பன்னிரண்டாவது வரிசையில் இருந்தது கொழுகொழுவென்ற பையன். டாக்டர் கூப்பிடுகிறார் என்று போய்ச் சொன்னபோது அவன் அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்: "எம் புள்ள மெலிவா? மொதல்ல ஒங்க மிஷினுக்குக் கஞ்சி ஊத்து, போ." அதை அலுவலகத்தில் நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தேன்.

முதல் வரிசையில் இருந்தவள் கஸ்தூரியின் மகள் அமுதா. எட்டாவது மாதம் அவளைத் தூளியிலிருந்து எடுத்தது நான்தான். வெறும் துணியைத்தான் எடுத்தேனோ என்று ஒரு கணம் கீழே குனிந்து பார்த்தேன். அவ்வளவு லேசாக இருந்தாள்.

தாள் அச்சாகி வந்தது. செலின் அக்கா பென்சில் முனையை முதல் வரிசையில் வைத்தார்.

"இது எல்லாமே சைபரா இருக்கே. நீதான தூக்குன. எப்படி இருந்துச்சு கொழந்த?"

"மெஷின் நல்லாருக்குன்னுதானேக்கா சொல்லுது."

"சரி. நீ பாத்திருக்க."

அடுத்த எடைநாளுக்கு முன், மழையில், நான்கு நாள் காய்ச்சலில் அமுதா போய்விட்டாள்.

செலின் அக்கா ஒரு முழுநாள் உட்கார்ந்து அந்த அட்டவணையைப் பென்சிலால் போட்டுப் பார்த்தார். அன்று பிரெஞ்சில் எண்ணும் முணுமுணுப்புக்கூடக் கேட்கவில்லை. பிறகு டாக்டரிடம் போனார். "நெரல எழுதுனது நான். தப்பு என்னுது" என்றார். முன்பே தெரிந்திருந்தாலும் காப்பாற்றியிருப்போம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. வெளியே வந்ததும் அவரே சொன்னார்: "ஒன்னை ஒரு தடவ கேட்டேன். ரெண்டாவது தடவ கேக்கல. அதுவும் என்னுதுதான் சாந்தா."

கஸ்தூரியிடமும் தனியாகப் போய்ச் சொன்னார். கஸ்தூரி ஓராண்டு அவரிடம் பேசவில்லை. செலின் அக்கா மாதந்தோறும் போய்ப் படகுகளின் பக்கம் சிறிது நேரம் நின்றுவிட்டு வருவார். ஒருநாள் கஸ்தூரி, "எத்தினி நாளு வெய்யில்ல நிப்ப? உள்ள வா" என்றாராம். அதை என்னிடம் சொல்லிக்கொண்டே செலின் அக்கா அழுதார்.

நிரலை அப்போதே திருத்திவிட்டார். எந்தப் பக்கமாக விரிக்க வேண்டும் என்பதை இப்போது நாமே சொல்லியாக வேண்டும். ஆனாலும் அவருக்குப் போதவில்லை. ஓர் அட்டவணையில் பன்னிரண்டு குழந்தைகள் வந்தால், கீழே பதிமூன்றாவதாக ஒரு வரிசை சேர்ப்பார். பெயர் இருக்காது, எடை இருக்காது. சைபரும் இருக்காது. காலி. நீளம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என்பார். புதிதாக வந்தவர்கள் கேலி செய்வார்கள். நான் செய்ததில்லை.

கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் கலைந்த பிறகு கஸ்தூரியிடம் சொன்னேன். "அன்னிக்கு அமுதாவைத் தூக்கும்போதே எனக்குத் தெரிஞ்சுது. லேசா இருந்தா. செலின் அக்கா கேட்டாங்க. நான் சொல்லல."

கஸ்தூரி மண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தெரியும்" என்றார்.

"அக்கா சொன்னாங்களா?"

"அவங்க ஒன்னப் பத்தி ஒரு வார்த்த சொன்னதில்ல. எம் பொண்ண நீ எறக்கும்போது ஒம் மொகத்தப் பாத்துக்கினுதான் இருந்தேன். நீயே சொல்லுவன்னு இருந்தேன். அவங்க இருக்கசொல்லயே சொல்லியிருக்கலாம்."

செலின் அக்காவோடு பணியாற்றிய நீங்கள் எல்லோரும் இத்தனை ஆண்டுகள் அது அவர் தவறு என்றே நினைத்திருக்கிறீர்கள். பாதி என்னுடையது. பெரிய பாதி. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நேற்று அலுவலகத்தில், புதிதாக வந்த பெண் ஓர் அட்டவணையைத் திரையில் வைத்துக்கொண்டு, "மேடம், கீழ ஒரு வரிசை சும்மா காலியா இருக்கு. எடுத்துடட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அமுதாவின் பெயரிலிருந்து தொடங்கினேன்.

அக்கா, உங்கள் மேஜையில் பாதி சீவிய பென்சில் அப்படியே இருக்கிறது. அந்த இடத்துக்கு யாரையாவது மாற்றிப் போடட்டுமா என்று கேட்கிறார்கள். கொஞ்ச நாள் காலியாக இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.