ஆளில்லாத நிறுத்தம்

சட்டக் கல்லூரி வாசலை மிதிப்பதற்கு முன்பே அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர் வந்துவிட்டது. வைத்தவர் மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி. அவரிடம்தான் அவள் வேலை பார்க்கிறாள். கழன்ற திருகை முடுக்குவது, காதில் அழுத்தும் கம்பியைச் சூடுகாட்டி வளைப்பது எல்லாம் கச்சிதம். ஆனால் கீறல் விழுந்த கண்ணாடியோடு யாராவது வந்துவிட்டால், உத்தரவாதச் சீட்டின் பின்பக்கப் பொடி எழுத்தை அவளே படித்துக் காட்டி, "இதுக்கு நீங்க காசு தர வேண்டாங்க, கடைதான் மாத்திக் குடுக்கணும்" என்பாள்.

"நீ எனக்கு வேலை பாக்குறியா, அவங்களுக்கா?" என்று முதலாளி தலையில் கை வைப்பார்.

"உங்களுக்குத்தான் சார். நாளைக்கு அவங்க வழக்குப் போட்டா யாருக்கு அலைச்சல்?"

இப்படி வாதாடி வாதாடியே முப்பத்து நாலு வயதில் சட்டம் படிக்கும் ஆசை வந்தது அவளுக்கு.

அவளுடைய அப்பாவைக் கவனித்துக்கொள்ள அந்த வீட்டுக்குப் போகிற நர்ஸ் நான். அவர் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. புத்தி அப்படியே இருக்கிறது. பேச்சுதான் பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் ஏறுவது போல ஒவ்வொரு சொல்லாக வரும். பேச்சுப் பயிற்சி தருகிறவர் ஒரே ஒரு விதி சொல்லியிருந்தார். பெரியவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். யாரும் சொல்லை எடுத்துக் கொடுக்கக் கூடாது.

மகள் அந்த விதியைப் பிடித்த பிடி உடும்புப் பிடி. நுழைவுத் தேர்வுக்குப் படித்ததும் அப்பாவின் கட்டில் ஓரத்தில்தான். கேள்வியைச் சத்தமாகப் படிப்பாள், நான்கு விடைகளையும் படிப்பாள். அவர் முக்கி முனகி "ரெண்...டாவது" என்று சொல்லும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்குப் பிறகுதான் தன் விடையைக் குறிப்பாள். அவளுக்குப் படிப்பு, அவருக்குப் பேச்சு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நானும் விட்டுவிட்டேன்.

தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டது. உள்ளூர்க் கல்லூரி எட்டவில்லை. வேறோர் ஊரில் இடம் கொடுத்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். சேர்ந்தால் விடுதி; அப்பாவை விட்டுப் போக வேண்டும். சேராவிட்டால் அடுத்த வருடம் மறுபடி தேர்வு. அதிலும் கோட்டைவிட்டால் அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தம்பி வந்தான். தனிக்குடித்தனக்காரன்.

"அக்கா, இருக்கிறதை விட்டுட்டுப் பறக்கிறதைப் பிடிக்க ஓடாதே. அப்பாவை நான் பாத்துக்கிறேன்."

"நீயா? போன வாரம் அவருக்குச் சட்டையை உள்பக்கம் வெளியா மாட்டிவிட்டவன்தானே?"

"அவரு ஒண்ணும் சொல்லலியே!"

"சொல்லி முடிக்கிறதுக்குள்ள நீ கெளம்பிட்டே."

நானும் தம்பி கட்சிதான். படுக்கையில் இருப்பவர்களைக் காரணம் காட்டியே தங்கள் காரியத்தைத் தள்ளிப்போட்ட மகள்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"ஏண்டி, அப்பாவுக்காகத்தான் மறுபடி எழுதறேன்னா எழுதவே வேணாம். நெசமாவே மார்க்கு கூடுமா, சொல்லு."

"பதில் எல்லாம் தெரியுது சிஸ்டரம்மா. நேரம்தான் பத்தலை. கடைசியில நிறையக் கேள்வியைத் தொடவே இல்ல."

"அப்ப இப்பவே ஒரு பழைய கேள்வித்தாளை எடு. முடிச்சுட்டா மறுபடி எழுது. முடியலைன்னா பெட்டியைக் கட்டு."

"சரி" என்று மேசையில் உட்கார்ந்தாள். தம்பி தன் செல்போனில் அலாரம் வைத்தான். நான் கட்டில் முனையில் இருந்து, பெரியவரின் குதிகாலில் சிவப்பு தட்டியிருக்கிறதா என்று பார்த்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் படித்தாள், உதடு அசைந்தது. பென்சில் முனை விடைக்கு நேராகப் போய் நின்றது. ஆனால் குறிக்கவில்லை. தலையை நிமிர்த்தி இடப்பக்கச் சுவரைப் பார்த்தாள். அங்கே ஒரு காலண்டர்கூட இல்லை. அப்புறம் குனிந்து, முதலில் பென்சில் நின்ற இடத்திலேயே குறித்தாள். அடுத்த கேள்விக்கும் அதே கதை. யோசிக்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

அலாரம் அடித்தபோது இரண்டு பக்கம் மிச்சம்.

"பெட்டி பரண்லதானே இருக்கு?" என்று தம்பி எழுந்தான். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெரியவர் இடக்கையால் கட்டில் கம்பியைத் தட்டினார். விதிப்படி எல்லோரும் காத்திருந்தோம்.

"ஆளில்லாத... ஸ்டாப்புல... எதுக்கு... நிறுத்தறே?"

"அப்பா பழைய நெனப்புல பஸ் ஓட்டுறாரு" என்றான் தம்பி.

அவள் சிரிக்கவில்லை. தாளைப் பார்த்தாள், இடப்பக்கச் சுவரைப் பார்த்தாள். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படிக்கும்போது அப்பா இருக்கும் பக்கம் அது.

"ஐயோ அப்பா! ஒவ்வொரு கேள்விக்கும் நீங்க சொல்லணும்னு நின்னுட்டு இருக்கேன். பரிட்சை ஹால்லயும் இப்படித்தான் நின்னிருக்கேன்!"

பெரியவரின் வாய் கோணியது. "என்...னால..." என்று ஆரம்பித்தார்.

"உங்களால இல்ல!" என்று அவள் வெட்டினாள்.

"அவரை முடிக்க விடு. விதி என்ன?" என்றேன்.

"ஆட்சேபணை சிஸ்டரம்மா. பொய் சாட்சிக்கு விதி கிடையாது."

பெரியவர் சிரித்துவிட்டார். சிரிப்பு மட்டும் அவருக்கு எப்போதும் உடனே வரும்.

இன்னொரு தாளை எடுத்தாள். அவள் பென்சிலைக் கையில் எடுக்கும் முன்பே பெரியவர் இடக்கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். கடைசிவரை எடுக்கவே இல்லை. முதல் நாலைந்து கேள்விகளில் அவள் கழுத்து பழக்கத்தில் திரும்பியது. தம்பி "போலாம், ரைட்!" என்று குரல் கொடுத்தான். அப்புறம் திரும்பவில்லை. அலாரம் அடிப்பதற்குள் தாளைக் கவிழ்த்து வைத்தாள். தம்பியே திருத்தினான். திருத்திவிட்டுப் பரண் பக்கம் போகவில்லை, என் பக்கம் வந்தான்.

"சிஸ்டரம்மா, சட்டை எப்படி மாட்டணும்னு காட்டுங்க. அவ பரிட்சைக்குப் போற அன்னைக்கு நான் வந்து இருக்கேன்."

"விழுந்த கையை முதல்ல நுழைக்கணும். நல்ல கை அப்புறம்" என்று காட்டிக்கொடுத்தேன். நானும் கட்சி மாறிவிட்டேன்.

திங்கட்கிழமை அந்த ஊர் இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இப்போது சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் படிக்கிறாள். ஆனால் நான் கிளம்புவதற்கு முன் அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவருக்கென்று ஒரே ஒரு கேள்வியைப் படிக்கிறாள்.

நேற்று அவர், "மூணா...வது" என்றார்.

"தப்பு" என்றாள்.

"ஏன்... தப்பு?" என்று அவர் கேட்க, இவள் விளக்க, அவர் மறுக்க, வழக்கு நீண்டுகொண்டே போனது. மாத்திரையையும் தண்ணீரையும் கையில் வைத்துக்கொண்டு, அவர் சொல்லி முடிக்கட்டும் என்று நான் நின்றிருந்தேன்.