வரைபடத்தின் மூலையில் என் பெயர்

கும்மிடிப்பூண்டியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியின் டிசைன் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். ஒருமுறை வெளிநாட்டிலிருந்து ஆர்டர் வந்தது. ஒருவர்மேல் ஒருவர் சாய உருண்டைகளைச் சுட்டு விளையாடும் பெயின்ட்பாலில், துப்பாக்கியின் மேலே உட்கார்ந்து அந்த உருண்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளும் பெட்டி அது. பேட்டரியில் ஓடும். அவர்கள் அனுப்பிய மாதிரிப் பெட்டி பூசணிக்காய் அளவு இருந்தது. அதைச் சிறிதாக்கித் தரக் கேட்டிருந்தார்கள்.

வெளிக்கூட்டை மட்டும் குறைத்தால் போதும் என்றார் மேனேஜர். நான் கேட்கவில்லை. உருண்டைகளைச் சுழற்றும் சக்கரத்துக்கு நடுவிலேயே மோட்டாரை வைத்தேன். பேட்டரிகளை அதன் அடியில் படுக்கப் போட்டேன். பெட்டி பாதியாகிவிட்டது.

"இன்னாமா இது? இம்மாத்தூண்டுல உருண்ட சிக்கி ஒடைஞ்சிடும்."

"ஒடைஞ்சா நானே தொடைக்கிறேன் சார்."

ஓட்டிப் பார்த்தபோது உடைந்தது. நீலச் சாயம் என் துப்பட்டாவெல்லாம் தெறித்தது. யாரோ சிரித்தார்கள். சக்கரத்தின் முனைகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கி, மறுபடியும் உருண்டைகளை நிரப்பி ஓட்டினேன். ஒன்றுகூட உடையவில்லை.

"சரி, டிராயிங்க குடு" என்றார் மேனேஜர்.

வரைபடத்தின் மூலையில் 'வடிவமைத்தவர்' என்ற கட்டத்தில் எப்போதும் அவர் பெயர்தான் இருக்கும். அதை அழித்து என் பெயரைப் போட்டுத்தான் கொடுத்தேன்.

"இது இன்னாமா புதுப் பழக்கம்?"

"வரைஞ்சது நான் சார். 'அனுமதித்தவர்' கட்டம் காலியாத்தான் கீது. உங்க பேர அங்க போடுங்க."

அவர் பேனாவை எடுத்து, நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.