நண்பகலில் மறையும் கணினி

வாசற்கதவைப் பூட்டியபின் பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்காமல் அவர் படியிறங்கியதில்லை. “உங்களப் பாத்தாலே அந்தப் பூட்டு நடுங்குது, விடுங்க” என்பாள் மனைவி. சரக்கு அனுப்பும் நிறுவனமொன்றில் கணினிகளைப் பராமரிப்பவர். அங்கும் அவருக்குப் ‘பூட்டு சார்’ என்றே பெயர்.

அந்தப் பூட்டையும் மீறி வைரஸ் ஒருமுறை புகுந்தது. உடனே, நாள்தோறும் நண்பகலில் ஆன்டிவைரஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு எல்லாக் கணினிகளையும் முழுமையாகச் சோதிக்கும்படி அமைத்தார். எல்லோரும் சாப்பிடப் போகும் நேரம் அது. எதையும் விட்டுவைக்கக் கூடாதென்று, அமைப்பில் கண்ட கட்டங்கள் அனைத்திலும் குறியிட்டார். மறுமாதமே வைரஸ் மீண்டும் வந்தது.

“இன்னொரு தடவை வந்துச்சுன்னா உங்க நாற்காலியில வேற ஆள் இருப்பாரு” என்றார் மேலாளர்.

அதன்பின் அவர் கண்காணிப்புத் திரையை விட்டு அகலவில்லை. நண்பகலானதும், கணினிகளைக் காட்டும் பச்சைப் புள்ளிகளுக்கிடையே ஒன்று மட்டும் தொடர்பற்றுச் சாம்பல் நிறமாயிற்று. சாப்பாட்டு வேளை முடிந்ததும் மீண்டும் பச்சையாயிற்று. மறுநாளும் அப்படியே. அது தங்கையின் கணவருடைய கணினி. அவர் தாமே சிபாரிசு செய்து சேர்த்துவிட்ட ஆள்.

இப்போது எல்லாமே கண்ணில் உறுத்தின. மாப்பிள்ளை ஏன் தாமதமாகச் சாப்பிடுகிறார்? தம்மைக் கண்டதும் ஏன் திரையைச் சட்டென்று மாற்றுகிறார்? காட்டிக்கொடுத்தால் தங்கை வீட்டு வாசலை மிதிக்க முடியாது. மறைத்தால் தம் பிழைப்பு போய்விடும்.

மறுநாள் நண்பகலில் அலமாரிக்குப் பின்னால் நின்றார். மாப்பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மேசைக்கடியில் குனிந்தார். நெட்வொர்க் வயரைப் பிடுங்கினார்.

“என்ன மாப்ள செய்றீங்க?”

மேசையில் தலை இடித்தது. “ஐயோ மச்சான்! உங்க ஸ்கேன் வர்ற வழிய அடைக்கிறேன். ரெண்டு மணி லாரிக்குப் பேப்பர் தயாராகணும். மவுஸ் அசைய மாட்டேங்குது.”

“ஸ்கேன் வயர்ல வர்றதில்ல. உங்க மெஷினுக்குள்ளயே ஓடுது.”

“அப்ப வயரப் புடுங்குனா மட்டும் எப்படி ஓடுது? நீங்களே பாருங்க.”

பொய்யென்று காட்டவே அமர்ந்தார். திரையில் மவுஸ் அம்பு துள்ளி ஓடியது. வயரைச் செருகினார், நின்றுபோயிற்று. ஐயத்தோடு சோதனை அமைப்பைத் திறந்தார். ‘நெட்வொர்க் டிரைவ்கள்’ என்ற கட்டத்தில் அவர் இட்ட குறி இருந்தது. ஒவ்வொரு கணினியும் சர்வரின் பொதுக்கோப்புகள் அத்தனையையும் ஒரே நேரத்தில் தனித்தனியாகத் துழாவித் திணறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் ஆன்டிவைரஸோ, வயர் இல்லாததால் புதுப்பிக்கப்படாமலே பழசாகிக் கிடந்தது. இரண்டாம் முறை வைரஸ் நுழைந்த வாசல் அதுதான்.

மேலாளரிடம் இரண்டையும் சொன்னார். “வயரப் புடுங்கினது எங்க மாப்ள. புடுங்க வச்சது நான்.”

மேலாளர் மாப்பிள்ளையையும் வரவழைத்தார். “ரெண்டு பேருமே இருங்க. ஆனா ஒருத்தர் மேல ஒருத்தர் கண் வச்சுக்கங்க.”

பூட்டு சாருக்குத் தனியே சொல்ல வேண்டிய அவசியமில்லாத அறிவுரை அது. அவர் அந்தக் குறியை நீக்கினார். புதுப்பித்தலைக் காலைக்கு மாற்றினார். அமைப்புக்குக் கடவுச்சொல் இட்டார். மறுநாள் நண்பகலில் எல்லாப் புள்ளிகளும் பச்சையாகவே இருந்தன. இருந்தும் எழுந்துபோய் மாப்பிள்ளையின் மேசைக்கடியில் குனிந்தார்.

“வயரு இருக்கு மச்சான். வேணும்னா இழுத்துப் பாத்துக்கங்க.”

இழுத்துப் பார்த்தார்.