கரையாத கல்

என் மனைவியின் அஸ்தியை அரசலாறு கடலில் சேரும் இடத்தில் கரைத்துவிட்டு வீடு திரும்பியபோது அவளுடைய அறை காலியாக இருந்தது. மெத்தை, தலையணை, நூல் புடவைகள் அனைத்தையும் என் தங்கை குப்பை வண்டியில் ஏற்றியிருந்தாள்.

“சீக்குல கெடந்தவங்க துணிண்ணே. வீட்டுல வச்சிருந்தா ஆகாது. வச்சுக்கிட்டு நீங்க கட்டிக்கவா போறீங்க?”

ஒரு புடவையையாவது வைத்துக்கொள்ள நினைத்திருந்தேன்.

ஒரு வாரம் கழித்து, நகரின் குப்பையை எரிக்கும் ஆலைக்குச் சென்றேன். அந்தச் சாம்பலில் ஒரு பிடி கிடைத்தால் அவள் கரைந்த இடத்திலேயே கரைத்துவிடலாம் என்று எண்ணினேன். மேற்பார்வையாளர் என்னிடம் வேதியியல் படித்தவர்.

“சாம்பலாத் தர முடியாதுங்க சார். ஈயம் இருக்கு, சிமெண்டுல கலந்து கல்லாக் கட்டாம ஒரு பிடிகூட வெளிய போகக் கூடாதுன்னு நீங்கதானே எங்க ஆலைக்கு எழுதிக் கொடுத்தீங்க?” அவர் சிரித்தார். நடைபாதைக்குப் பதிக்கும் கல் ஒன்றைக் காலால் தள்ளிக் காட்டினார். “உங்க வீட்டுக் குப்பை வந்த அன்னிக்கி எரிச்ச சாம்பல்தான் இதுல இருக்கு. எடுத்துட்டுப் போங்க. கடல்ல போட்டாலும் கரையாது, உங்க கலவையாச்சே!”

எடுத்து வந்தேன். வாளி நிறைய நீரூற்றி, கல்லை அதில் மூழ்கவைத்தேன். கல்லிலிருந்து நீரில் ஏதாவது இறங்குகிறதா என்று பார்க்க, ஆலைக்காக நானே வகுத்துக் கொடுத்த சோதனை அது. சில நாட்களுக்குப் பின் நீரைப் பரிசோதித்தபோது, சிமெண்டின் காரத்தைத் தவிர அதில் வேறு எதுவும் இறங்கியிருக்கவில்லை. கலவையில் பிழையே இல்லை.

மறுநாள் காலையில் அந்த நீரைக் குடத்தில் எடுத்துச் சென்று, அரசலாற்றின் முகத்துவாரத்தில், அவள் கரைந்த இடத்திலேயே ஊற்றினேன்.