உச்சுக்கொட்டக் கூடாத ஊர்

தெருவில் அவளை எல்லோரும் ரேடியோ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவளும் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பாள். பால் வாங்கப் போனால், வாங்கிய பால் திரிந்துபோகிற வரைக்கும் கடை வாசலில் நின்று பேசக்கூடியவள். அவளுடைய கணவர் பஸ் டிரைவர். அவருக்கு வாயே கிடையாது. ‘ம்’, ‘சரி’, ‘பார்க்கலாம்’ ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு கல்யாண வாழ்க்கை முழுவதையும் ஓட்டிவிட்டார். ஒரு வீட்டுக்குத் தேவையான பேச்சை ஒருத்தியே பேசிவிடும்போது இன்னொரு ஆள் எதற்கு வாயைத் தேய்க்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அவள் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு ஆயாவாக இருந்தவள். பெற்ற தாயே கும்பிட்டுக் கேட்டாலும் வாயைத் திறக்காத பிள்ளைகள் அவளிடம் திறந்துவிடும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கரண்டியை நீட்டும்போது தன் வாயையும் ‘ஆ’ என்று திறப்பாள், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ‘ச்சு, ச்சு’ என்று கொட்டுவாள். பிள்ளை என்னவென்று பார்ப்பதற்குள் கரண்டி உள்ளே போயிருக்கும். வார்டை வேறு ஊருக்கு மாற்றியபோது வேலை போயிற்று. அதே கைக்காகத்தான் குருவி வீட்டில் அவளைக் கூப்பிட்டார்கள்.

குருவி வீடு என்பது மலையடிவாரத்தில் இருந்த நீளமான ஓட்டுக் கட்டடம். அவர்கள் ஊர் இருந்த தீவின் மலைக்காட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை ஒன்று உண்டு. மைனா அளவு, மண் நிறம், தலையில் மட்டும் வெள்ளைக் கொண்டை. ஊரில் அதற்குத் தொப்பிக் குருவி என்று பெயர். கப்பல்களிலிருந்து இறங்கிய எலியும் பூனையும் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்த்ததில், மிச்சம் இருந்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் முதலில் இடும் முட்டைகளைக் கூட்டிலிருந்து பதமாக எடுத்து வந்து சூட்டுப்பெட்டியில் வைத்துப் பொரிப்பார்கள். காட்டில் அந்த ஜோடி மறுபடி முட்டையிடும். ஒன்று இரண்டாகும் என்பது கணக்கு.

இதில் ஒரு சிக்கல். பொரிந்த குஞ்சு மனித முகத்தைப் பார்க்கக் கூடாது, மனிதக் குரலைக் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் மனிதர்தான் தன் தாய் என்று நினைத்துக்கொள்ளும். பறக்கவிட்டதும் ஊருக்குள் வந்து ஏதாவது பூனை வாயில் விழும். ஆகவே ஊட்டுகிறவர் கறுப்புத் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து, தாய்ப்பறவையின் தலை மாதிரி தைத்த கையுறையை மாட்டிக்கொண்டு, இடுக்கியால் புழுவும் பப்பாளித் துண்டும் ஊட்ட வேண்டும். மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது.

“ஒரு வார்த்தை பேசக் கூடாதுக்கா. முடியுமா?” என்று கேட்டாள் பறவை டாக்டர்.

“அதுக்கென்ன டாக்டரம்மா, நான் என்ன பேசிக்கிட்டேவா இருக்கேன்?” என்றாள் ரேடியோ அக்கா. டாக்டர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாயங்காலம் இதைக் கேட்ட டிரைவர், புரையேறும் வரை சிரித்தார்.

ஆனால் அவள் சாதித்துவிட்டாள். பகலெல்லாம் வந்த பேச்சை விழுங்கிவைத்து, வீட்டுக்கு வந்து மொத்தத்தையும் கணவர் தலையில் இறக்கினாள். அவர் ‘ம்’ போட்டார். குஞ்சுகள் வளர்ந்து மலைக்குப் போயின, போனவை அங்கேயே தங்கின.

அப்புறம் வந்ததுதான் அந்தக் கடைசிக் குஞ்சு. ஓட்டில் விரிசல் விழுந்த முட்டை. பொரிந்தபோதே துவண்டிருந்தது. என்ன செய்தும் வாயைத் திறக்கவில்லை. டாக்டரே கைவிட்டுவிட்டாள். ரேடியோ அக்கா மட்டும் துணிக்குப் பின்னால் உட்கார்ந்தே இருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை, அது சத்தியம். ஆனால் இத்தனை வருஷம் அவளுடைய கையும் நாக்கும் சேர்ந்தே ஊட்டிப் பழகியவை. கை முன்னால் போனபோது நாக்கு தானாகக் கொட்டியது. ச்சு, ச்சு. குஞ்சு வாயைத் திறந்தது.

பப்பாளி பிடித்துவிட்டது என்று அவள் நினைத்தாள். நாம் உச்சுக்கொட்டுவது நம் காதிலேயே விழுவதில்லை. அதை யார் பேச்சு என்று நினைப்பார்கள்?

குஞ்சு தேறியது. காலில் மஞ்சள் வளையம் மாட்டி, மஞ்சக்கால் என்று பெயரும் வைத்து, மலையில் விட்டார்கள். கொஞ்ச நாளிலேயே அது பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டது. பஸ் வரவில்லையே என்று ஒரு அம்மாள் உச்சுக்கொட்டினாள், மஞ்சக்கால் அவள் தோளில் வந்து உட்கார்ந்து ‘ஆ’ என்று வாயைத் திறந்தது. மறுநாள் ஆஸ்பத்திரி வரிசையில். அதற்கடுத்து சலூனில், முடிவெட்டுகிறவர் தன் மச்சான் பட்ட கஷ்டத்தைச் சொல்லச் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்தவர் பாவப்பட்டு உச்சுக்கொட்டப்போய், பாதி வெட்டிய அவர் தலையிலேயே இறங்கியது. ஊரே சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. நேராக ரேடியோ அக்கா வீட்டுக்கு வந்தாள்.

“அக்கா, மறைக்காம சொல்லுங்க. உள்ள பேசினீங்களா?”

“சத்தியமா ஒரு வார்த்தை பேசல. பாவம், அதுக்கு ஏன்தான் இப்படிப் புத்தி போகுதோ!” என்று சொல்லி, மனசு தாங்காமல் ‘ச்சு, ச்சு’ என்றாள்.

கூரையிலிருந்து மஞ்சக்கால் விருட்டென்று உள்ளே வந்து அவள் மணிக்கட்டில் உட்கார்ந்து வாயைத் திறந்தது.

கையும் களவுமாகப் பிடிபட்ட பிள்ளை மாதிரி அவள் முகம் தொங்கிப்போயிற்று. டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “திரும்ப மலையில கொண்டுபோய் விடறேன்க்கா. அதுக்குத் தானா தின்னத் தெரியும், பட்டினி கிடக்காது. ஆனா கீழ வந்து கூப்பிட்டா யாருமே பதில் கொடுக்கக் கூடாது. முக்கியமா நீங்க. அப்பவும் மறக்கலேன்னா ஆயுசு முழுக்கக் கூண்டுதான். வேற வழியில்ல.”

அந்த ஊர்க்காரர்கள் வம்பு பேசுவார்களே தவிர நல்லவர்கள். ஊர் மொத்தமும் உச்சுக்கொட்டுவதை நிறுத்தியது. டிரைவர் தன் பஸ்ஸில் ‘தாமதமானால் திட்டுங்கள், உச்சுக்கொட்டாதீர்கள்’ என்று எழுதி ஒட்டினார். துக்கம் விசாரிக்கப் போனவர்கள்தான் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

மஞ்சக்கால் பஸ் நிறுத்தத்தை விட்டது, சலூனை விட்டது. அவளுடைய சமையலறை ஜன்னலை மட்டும் விடவில்லை. தினமும் வந்தது. இறக்கையை நடுக்கிக்கொண்டு ‘ச்சு, ச்சு’ என்று அவள் குரலிலேயே அவளைக் கூப்பிட்டது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கினாள். கண்ணில் வந்த தண்ணீருக்கு வெங்காயத்தைச் சாக்காகச் சொல்லிக்கொண்டாள். எத்தனையோ பிள்ளைகளுக்கு ஊட்டியவள். வாயைத் திறந்த ஒன்றுக்கு முதுகைக் காட்டியது இதுதான் முதல் தடவை. குறுக்கே கம்பி போட்ட ஒரு கூண்டைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டுதான் நின்றாள்.

ஒருநாள் காலையிலிருந்தே மழை. ஜன்னல் விளிம்பில் அது தொப்பலாக நனைந்து உட்கார்ந்து விடாமல் கூப்பிட்டது. அவளால் முடியவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று டிரைவருக்கு விடுமுறை. வாசற்படியில் நின்று அவளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து ஜன்னலுக்கும் அவளுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்தார்.

“இந்த மூணாவது கியர் இருக்கே, அது சொன்ன பேச்சே கேக்கிறதில்ல” என்று ஆரம்பித்தார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் நிறுத்தவில்லை. கியரைப் பற்றிப் பேசினார். மேட்டில் ஏறும்போது கண்ணை மூடிக்கொள்ளும் பாட்டியைப் பற்றியும், தும்மினால் விசிலும் சேர்ந்து ஊதிவிடும் கண்டக்டரைப் பற்றியும் பேசினார். ஜன்னலில் சத்தம் கூடும்போதெல்லாம் தன் குரலையும் கூட்டினார். பேசிப் பழக்கம் இல்லாததால் சீக்கிரமே விஷயம் தீர்ந்துபோயிற்று. தலையைச் சொறிந்துகொண்டார்.

“எங்க அக்கா பையன் கை உடைஞ்சு உங்க வார்டுல கெடந்தான்ல. நீ அவனுக்கு சூப் ஊட்டினே. பக்கத்துல நானும் ஆன்னு வாயைத் திறந்துக்கிட்டு நின்னேன். நீ பாக்கல. மறுநாள்தான் எங்க வீட்டுல சொன்னேன், கட்டினா அந்தப் பொண்ணைத்தான்னு.”

“இத்தனை வருஷமா இதை ஏங்க சொல்லல?”

“நீ எங்க எடம் கொடுத்தே?”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்து முடித்தபோதுதான் மழை விட்டிருந்ததும் ஜன்னல் விளிம்பு காலியாக இருந்ததும் தெரிந்தன. மறுநாள் அது வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. பூனை பிடித்ததோ, மலைக்குத்தான் போயிற்றோ, யாருக்கும் தெரியவில்லை. அவளும் டாக்டரிடம் கேட்கவில்லை, கேட்கப் பயம்.

அடுத்த மழைக்காலத்தில் டாக்டர் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். கூடவே மலைக்காவலர். வந்ததும் வராததுமாக அவர் தன் போனை நீட்டினார். “தூரத்துல நின்னு எடுத்தது. சத்தத்தைக் கூட்டி வச்சுப் பாருங்க.”

மரப்பொந்தில் ஒரு கூடு. விளிம்பில் மஞ்சள் வளையம் மாட்டிய கால். உள்ளே கண்கூடச் சரியாகத் திறக்காத குஞ்சு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தது. மஞ்சக்கால் புழுவோடு குனிந்தது. ச்சு, ச்சு என்றது. குஞ்சு வாயைத் திறந்தது.

“மலையில வேற எந்தக் குருவியும் இப்படிக் கூப்பிடறதில்லக்கா” என்றாள் டாக்டர்.

ரேடியோ அக்காவின் வாய் ‘ஆ’ என்று திறந்தபடியே இருந்தது. தோளுக்குப் பின்னால் நின்ற டிரைவரின் வாயும் அப்படித்தான் இருந்தது. கண்ணாடி போட்டிருந்தும் அவருக்குத் திரை சரியாகத் தெரியவில்லை.

“சாப்பிட்டுச்சா?” என்று கேட்டார்.

“ம்” என்றாள் ரேடியோ அக்கா. அன்றைக்கு அவள் பேசியது அவ்வளவுதான்.