மேனேஜர் பெயரில் நான்கு ஸ்ட்ரைக்குகள்

முன்பின் தெரியாத யாரோ கழற்றிப் போட்ட, உள்ளே இன்னும் வெதுவெதுப்பு ஆறாத வாடகை ஷூவை மாட்டிக்கொண்டு, ஒரு மனிதரைத் தோற்கடிப்பதற்காக மட்டும் மூன்று மாதம் ரகசியமாகப் பந்து உருட்டிப் பழகியவன் நான். வீட்டில் கன்னட வகுப்புக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். இத்தனை வருடம் பெங்களூரில் இருந்தும் என் கன்னடம் ஆட்டோக்காரருக்கு வழி சொல்வதைத் தாண்டாததற்கு இதுதான் காரணம்.

அந்த மனிதர் என் மேனேஜர். அவரைப் பற்றி நடுநிலையோடு எழுத முயன்று சில தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது நடுநிலை இல்லாத தாள். தொண்ணூறுகளின் கடைசியில், பொம்மசந்திராவில் பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் அவருக்குக் கீழே இருந்தேன். நான் எழுதும் அறிக்கையின் அடியில் என் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார். கேட்டால், "டீம் வொர்க், குரு" என்பார். இந்த ஊரில் குரு என்பது தோழமையாகக் கூப்பிடும் சொல். அவர் வாயில் மட்டும் அது பியூனை அழைக்கும் மணியாக ஒலிக்கும்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, அப்போது நகரத்துக்குப் புதிதாயிருந்த பௌலிங் கூடத்துக்கு எங்களை அழைத்துப்போவார். வழுவழுப்பான மரத்தளத்தில் கனத்த பந்தை உருட்டி, மறுமுனையில் நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்க்க வேண்டும். ஆளுக்குப் பத்துச் சுற்று. முதல் உருட்டலிலேயே பத்தும் விழுந்தால் ஸ்ட்ரைக். அது தொடர்ந்து விழுந்தால் எண்கள் குட்டி போடும். தலைக்கு மேலே திரையில் எங்கள் பெயர்கள், எதிரே எண்கள். யாரும் சொல்லித்தராமலே எல்லோருக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு: மேனேஜரின் எண்ணை யாரும் தாண்டக் கூடாது. நெருங்கிவிட்டால் கடைசிப் பந்தை, விழுந்தால் எண்ணே கிடைக்காத ஓரத்துக் கால்வாயில் விட்டுவிட வேண்டும். எனக்கு அந்தச் சிரமமே இருந்ததில்லை. என் பந்து தானாகவே அங்கேதான் போகும்.

"ஏன் குரு, பந்து உருட்டுறியா, சாக்கடை தூர் வார்றியா?" என்பார். பிறகு எல்லோர் முகத்தையும் பார்ப்பார், கடைசி ஆளும் சிரித்து முடிக்கும்வரை.

பயிற்சி அதற்காகத்தான். ஒரே ஒரு முறை அந்தத் திரையில் அவர் எண்ணைவிட என் எண் பெரிதாக நிற்க வேண்டும். அவரால் என் பெயரை அடித்துத் திருத்த முடியாத இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

பயிற்சி முடிந்து வந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, ஐந்து சுற்று முடிந்தபோது நான் முந்தியிருந்தேன். மேனேஜர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். அப்போது அவருடைய செல்போன் அடித்தது. தலைமை அலுவலகம். கூடம் தரைக்குக் கீழே இருந்ததால் பேச்சு விட்டுவிட்டுக் கேட்டது. "என் டர்ன் வந்தா நீ போட்டுடு, குரு" என்று படியேறி ஓடினார். இயந்திரம் யார் கை என்று பார்ப்பதில்லை. யார் முறையோ அவர் கணக்கில் ஏற்றிவிடும்.

அவருடைய பந்துகளைக் கால்வாயில் விடுவது என்று முடிவு செய்தேன். நமக்குக் கைவந்த வித்தைதானே. குறி பார்க்காமல், உள்ளே இருந்த அத்தனை வெறுப்பையும் மணிக்கட்டில் திரட்டி, ஓரம் பார்த்து விட்டெறிந்தேன். பந்து கால்வாயின் விளிம்பு வரை போயிற்று. அங்கே எதையோ நினைத்துக்கொண்டதுபோல் உள்ளே வளைந்து, பத்தையும் வாரிச் சாய்த்தது.

அடுத்தது என் முறை. மூன்று மாத வித்தையைக் கூட்டி, முழங்காலை மடக்கி, மூச்சைப் பிடித்து உருட்டினேன். மூன்று கட்டை.

நான்கு சுற்றும் இதே கதை. அவரைக் கெடுக்க எறிந்ததெல்லாம் ஸ்ட்ரைக். எனக்காக உருட்டியதெல்லாம் மூன்று, நான்கு. பக்கத்தில் அக்கவுண்ட்ஸ் பிரிவு நண்பர் உட்கார்ந்திருந்தார், கோலார் தங்கவயல்காரர். "இன்னாப்பா, அவன் உன் கூடப் பொறந்தவனா? இப்டி அள்ளிக் குடுக்கறே" என்றார்.

திரும்பி வந்த மேனேஜர் திரையை அண்ணாந்து பார்த்தார். "பாத்தியா குரு, நான் இல்லாமயே நான் ஜெயிக்கிறேன்." கடைசிச் சுற்றை மட்டும் அவரே உருட்டினார். அவருக்கு நூற்றைம்பத்தைந்து. எனக்கு அறுபத்தெட்டு.

அந்த ஸ்கோர் அச்சாகி, சட்டம் போடப்பட்டு, அவர் நாற்காலிக்குப் பின்னால் தொங்கியது. வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டுவார். அடுத்த பதவி உயர்வுப் பேச்சின்போது, என் நான்கு ஸ்ட்ரைக்குகளுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "உங்கிட்ட எல்லாம் இருக்கு குரு. ஜெயிக்கணும்ங்கிற வெறிதான் இல்ல." உயர்வு வேறொருவருக்குப் போயிற்று. அந்த ஸ்ட்ரைக்குகள் என்னுடையவை என்று சொன்னால், அவற்றை எதற்காக எறிந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

பிற்பாடு எத்தனையோ கூடங்களில் உருட்டிப் பார்த்துவிட்டேன். அவர் முகத்தை நினைத்துக்கொண்டும் எறிந்திருக்கிறேன். வயதாகிவிட்டதால் போதுமான வெறுப்பு ஊறுவதில்லை. என் வாழ்நாளின் தலைசிறந்த ஆட்டம் இன்றுவரை அவர் பெயரில் தொங்கிய அந்த நான்கு சுற்றுதான்.

அந்தத் தொழிற்சாலை வேலையை விட்ட அன்று கேன்டீனில் தங்கவயல் நண்பரிடம் எல்லாவற்றையும் கொட்டிக் குமுறினேன். அவர் வடையைச் சட்னியில் புரட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"உம்பேர்ல உருட்டுனா மூணு. அவம்பேர்ல உருட்டுனா பத்து. பேசாம நீ அவன் பேரையே வெச்சுக்கோப்பா, பொழைச்சுக்குவே."